கடன் தவணை தவறினால் வசூல் ஏஜென்ட் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

எங்கள் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை புகையான், குலைநோய், உர அளவு பற்றியவை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு விவசாயி தயங்கியபடியே நின்றார். "களத்துமேட்டுல நாலு பேர் முன்னாடி டிராக்டர் சாவியைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க சார். ரெண்டு டியூதான் பாக்கி. இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். அன்று என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு ரிசர்வ் வங்கியின் விதிகளைப் படித்தும் வழக்கறிஞர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள எந்த விதியும் கடனைத் தள்ளுபடி செய்யாது. பாக்கியும் வட்டியும் அப்படியேதான் இருக்கும். அதை எப்படிக் கேட்கலாம், எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் விதி இருக்கிறது.

நேரமும் நடத்தையும்

வங்கியானாலும் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரருக்கு போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பெண்கள் குழுவாக வாங்கும் நுண்கடனுக்கு இது காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, ஊர் நடுவே அவமானப்படுத்துவது, உறவினர்களையும் ஜாமீன் போட்டவரையும் தொந்தரவு செய்வது, வாட்ஸ்அப்பில் தவறான செய்தி அனுப்புவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. "அவர் ஏஜென்சி ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கம்பெனி கைகழுவ முடியாது. ஏஜென்ட் செய்வதற்கும் கம்பெனியே பொறுப்பு.

நுண்கடனில் இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் தவணை வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராதவரிடம் மட்டுமே வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ போய்க் கேட்கலாம். பணம் தரும்வரை போகமாட்டேன் என்று இரவு வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பது அப்பட்டமான விதிமீறல்.

டிராக்டரைப் பிடிக்க வந்தால்

டிராக்டர் கடன் முடியும்வரை ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். தவணை தவறினால் வண்டியை எடுக்க ஒப்பந்தம் அவர்களுக்கு இடம் தரலாம். ஆனால் எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் தேவையில்லை, விற்பதற்கு முன் பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு எப்படி என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகலைக் கடன்தாரருக்குத் தருவதும் கட்டாயம். என்னிடம் கேட்ட விவசாயியிடம் நகலே இல்லை. அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவதில்தான் நாங்கள் ஆரம்பித்தோம். உங்களிடமும் இல்லையென்றால், பிரச்சினை வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் இடம் தந்தாலும் அடியாட்களை வைத்துப் பறிக்க அனுமதி இல்லை. கடனைச் சட்ட வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2016 மார்ச்சில், தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் தவணைக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடிக்கும் வீடியோவை நாடே பார்த்தது.

யார் வந்தாலும் அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நானே விருப்பப்பட்டு வண்டியை ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பலவந்தமாக எடுத்தார்கள் என்று பின்னால் நிரூபிப்பது கடினம். வண்டியைக் குறைந்த விலைக்கு ஏலம் விட்டுவிட்டு மீதிப் பணத்தையும் உங்களிடமே கேட்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ரசீது தராத ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நிலம், வீடு, மாடு

வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க உதவும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் அதில் உண்மையிலேயே சாகுபடி நடக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பருவமும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிரைப் பதிவு செய்யுங்கள். மானியத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் மட்டும்தான் அடங்கல் என்று நினைக்க வேண்டாம்.

வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினாலும், விவசாயி குடியிருக்கும் வீடு, பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதை ஆகியவற்றை ஜப்தி செய்வதிலிருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. நீங்களே அடமானமாக எழுதிக்கொடுத்த பொருளின் கதை வேறு.

"போலீஸ் வரும், வாரண்ட் வரும்" என்பது வழக்கமான மிரட்டல். தவணை கட்ட முடியாமல் போவது குற்ற வழக்கு ஆகாது. லோக் அதாலத் நோட்டீஸும் வாரண்ட் அல்ல. அங்கே போனால் வட்டியைக் குறைத்துப் பேசி முடிக்க வாய்ப்புண்டு. காசோலை இதற்கு ஒரு விதிவிலக்கு. நீங்கள் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் அது குற்ற வழக்காகும். அந்த நோட்டீஸைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

எங்கே புகார் செய்வது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தேதி, நேரம், வந்தவர் பெயர், பேசிய வார்த்தை எல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு இந்த வழி கிடையாது. கூட்டுறவு இணைப்பதிவாளரிடம் மனு கொடுக்க வேண்டும்.

அடி, மிரட்டல் என்றால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. கடன் கொடுப்போரின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. மொபைல் ஆப்பில் கடன் வாங்கி, படத்தை மாற்றி வெளியிடுவதாக மிரட்டினால் 1930-ஐ அழைக்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் போயிருந்தால், சேதம் பற்றிய வருவாய்த் துறை ஆவணங்களை இணைத்துத் தவணையை மாற்றியமைக்க வங்கிக் கிளையில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

இன்னொன்று, இதை வீட்டில் உள்ளவர்கள் படிக்க வேண்டும். வசூல் ஆட்கள் வந்து போன பிறகு அவர் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம். பூச்சிமருந்து டப்பாக்களைப் பூட்டி வையுங்கள்.