இரண்டு கோப்புகள், ஒரு பெண்

சாரா செத்தாளா, தப்பினாளா? இந்த ஒரு கேள்வியோடுதான் ஆவணங்களுக்குள் இறங்கினேன்.

2019 ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருது வாடகை வீடொன்றில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் தந்தையும் இரண்டு சகோதரர்களும் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். இறந்தவர்களில் ஆறு குழந்தைகள். புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது ஊர் முஸ்லிம்கள்தான். இது பலருக்கு மறந்துபோய்விட்டது. கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்த ஹஸ்தூனின் மனைவி சாரா எனும் புலஸ்தினி மகேந்திரனும் அந்த வீட்டில் இருந்தார் என்பது விசாரணையாளர்களின் நிலைப்பாடு. ஆனால் முதல் இரண்டு மரபணுப் பரிசோதனைகளில் அவரது தாயின் மாதிரியோடு எந்த உடற்பாகமும் பொருந்தவில்லை.

அடுத்த தடயம் 2020 ஜூலையில். சாரா கடல்வழியாக இந்தியாவுக்குத் தப்பினார் என்று உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சாட்சியம் வருகிறது. அதற்கு உதவினார் என்ற சந்தேகத்தில் கிழக்கில் பணியாற்றிய பொலிஸ் அதிகாரி ஒருவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைதுசெய்கிறது. பொலிஸார்மீது பொலிஸாரே நடத்திய விசாரணை. பிறகு அந்த வீட்டில் இறந்தவர்களின், அம்பாறையில் புதைத்த எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். மூன்றாவது மரபணுப் பரிசோதனை பொருந்தியது, சாரா இறந்துவிட்டார் என்று 2023 மார்ச்சில் பொலிஸ் அறிவித்தது.

கைது, மரபணு என்ற இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டிலேயே அவர் இறந்திருந்தால், தப்ப வைத்த குற்றம் எங்கிருந்து வந்தது? தப்பியது உண்மையென்றால், புதைகுழியில் கிடைத்தது யாருடைய எலும்பு? ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். பொலிஸ் இந்த முரணை அவிழ்க்காதவரை கல்முனைத் தேநீர்க்கடைகளில் வதந்தி ஓயாது; வதந்தியைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இங்கே நின்றிருக்கலாம். ஆனால் தேதிகள் பின்னோக்கி இழுத்தன. 2019 ஏப்ரல் 4: தாக்குதல் பற்றிய இந்தியாவின் எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைக்கு வருகிறது. 7: அதன் தலைவர் நிலந்த ஜயவர்தன, தேசியப் புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸுக்கு எழுதுகிறார். 9: பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்குப் போகிறது. 11: பிரதிப் பொலிஸ்மா அதிபர் பிரியலால் திசாநாயக்கவின் கடிதம், பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு மட்டும். தேவாலயங்களுக்கு ஒரு வரி இல்லை. அந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் கண் நின்றது: ஒலுவில். சஹ்ரான் தரப்பினர் ஒளிந்திருக்கும் இடமாக எங்கள் கரையோர ஊரின் பெயர், தாக்குதலுக்குப் பத்து நாட்கள் முன்பே தட்டச்சாகியிருக்கிறது. ஏப்ரல் 16இல் காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒத்திகைக் குண்டும் வெடித்தது.

ஒரு பெண்ணைப் படகேற்றிவிட்டதாகச் சொல்லப்படும் குற்றத்தைவிட, எனக்கு இந்தக் கடிதப் பயணமே பெரிய குற்றமாகப் படுகிறது. உயர் நீதிமன்றமும் 2023 ஜனவரி 12இல் இந்த அலட்சியத்துக்குப் பொறுப்பு சுமத்தியது: தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா, ஜயசுந்தரவும் ஜயவர்தனவும் தலா 75 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. சாராவுக்கு உதவியதாகச் சந்தேகிக்கப்பட்ட கிழக்கு அதிகாரி கைதாக, தாக்குதலிலிருந்து பதினைந்து மாதங்கள் போதுமாயிருந்தன. ஒழுக்காற்று விசாரணை முடிந்து தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஜயவர்தனவைப் பதவிநீக்கியபோது 2025 ஜூலை.