நட்டவள் பெயர் எங்கே?

பின்வளவில் நிற்கும் பழைய அப்பிள் மரத்தைத் தறிக்க நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1809இல் நொட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் என்னும் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்ட் என்ற சிறுமி அப்பிள் விதைகளை நட்டாள். ஒன்று மரமாகிக் காய்த்தது. 1846இல் அந்த வீட்டை இறைச்சிக்கடைக்காரரான மத்தியூ பிரம்லி வாங்கினார். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்கட்டக் கிளை கேட்டார். பழத்துக்குத் தன் பெயரையே வைக்கவேண்டுமென்ற நிபந்தனையோடு பிரம்லி சம்மதித்தார். இன்று கடைகளில் நாம் வாங்கும் சமையல் அப்பிள் அதுதான். நட்டவளின் பெயர் அதில் இல்லை.

ஒட்டுமாங்கன்று வைத்த நமக்குத் தெரியும்: விதை தாய்மரம்போல் காய்க்காது. ஒட்டுக்கட்ட ஆளில்லையென்றால் அந்த இனமே அழிந்துவிடும். கென்ற் பகுதியிலுள்ள புறொக்டேலில் 2000க்கு மேற்பட்ட அப்பிள் இனங்களைப் பேணுகிறார்கள். ஒக்ரோபர் மாத அப்பிள் விழாக்கள் சிலவற்றில் பழத்தைப் பார்த்து இனம் சொல்பவர்கள் இருப்பார்கள். உங்கள் மரத்தின் பழத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதை நட்டவர் யாரென்று அயலவரிடம் விசாரித்து எழுதிவையுங்கள்.