முறைப்பாடா, காட்டிக்கொடுப்பா? – வேலை விளம்பரங்களும் பால் பாரபட்சமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நான் வாழும் ஜேர்மன் நகரில் எம்மவர் கடையொன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் அதன் கண்ணாடிக் கதவில் கையால் எழுதிய அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கடையில் நின்று வேலை செய்ய ஆண் ஒருவர் தேவை; வீட்டிலிருந்தே றோல்ஸ், பற்றிஸ் செய்து தரக்கூடிய பெண்கள் தேவை. இரண்டே வரிகள். முதலாவது வேலைக்கு மாதச் சம்பளம். பதிவு, காப்புறுதி எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு எண்ணிக் காசு, வேறெதுவும் இல்லை.

அக்காவின் மகள் ஒரு ஜேர்மன் பேரங்காடியில் இரண்டு வருடம் காசாளராக நின்றவள். போய்க் கேட்டிருக்கிறாள். முதலாளி கோபப்படவில்லை. “பிள்ளை, இது ஆம்பிளையளுக்குப் போட்டது. இரவு பத்து மணிக்குச் சாமான் இறக்கோணும். உங்கட அம்மா என்ன சொல்லுவா?” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “சித்தி, இது சட்டப்படி பிழைதானே? ஆரிட்டைச் சொல்லுறது?”

நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். “எங்கட சனத்தை நாங்களே வெள்ளைக்காரனிட்டைக் காட்டிக்குடுக்கிறதோ?”

‘காட்டிக்கொடுத்தல்’ – எம்மிடையே இது சாதாரணச் சொல் அல்ல. 1980களில் இந்தச் சொல்லின் பெயரால் மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களைக் கண்ட தலைமுறை நாங்கள். விசாரணை இல்லாமல், எதிர்வாதம் இல்லாமல், கழுத்தில் ஒரு மட்டை தொங்கவிடப்பட்டவர்களைக் கண்டவர்கள். ஆகவே ஒரு கடை அறிவித்தலைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வந்து விழுந்ததும் நான் பேச்சிழந்தேன். அதற்குப் பின்னர்தான், விளம்பரத்தில் பால் பாகுபாடு பற்றி மற்ற நாட்டுப் பெண்கள் எப்படி, யாரிடம், எதற்காக முறையிட்டார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். இக்கட்டுரை அந்த வாசிப்பின் விளைவு.

ஒரு பத்திரிகைக்கு எதிரான முறைப்பாடு

அமெரிக்கப் பத்திரிகைகளில் 1960களின் பிற்பகுதிவரை வேலை விளம்பரங்கள் ‘ஆண்கள் தேவை’, ‘பெண்கள் தேவை’ என்று தனித்தனிப் பத்திகளில் அச்சாகின. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தபோது ‘பால்’ என்ற சொல்லும் அதில் சேர்ந்துகொண்டது. அதைச் சேர்க்கப் பிரேரித்தவர் வேர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹவார்ட் சிமித். கறுப்பு மக்களின் உரிமைகளுக்கு எதிராக நின்ற இவரின் நோக்கம் சட்டத்தைக் கவிழ்ப்பதா, பெண்களுக்கு உதவுவதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எப்படியோ, ஒரு பாலை விரும்புவதாகக் காட்டும் விளம்பரத்தையும் சட்டம் தடுத்தது.

ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்த வந்த சமவாய்ப்பு ஆணைக்குழு என்ன செய்தது? 1965இல், இன அடிப்படையில் விளம்பரப் பத்திகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டில், பால் அடிப்படையில் பிரிப்பது வாசகரின் வசதிக்கானது, அது இருக்கலாம் என்றது. கறுப்பினப் பெண் சட்டத்தரணியான போளி மறே அதே ஆண்டில் மேரி ஈஸ்ற்வுட்டுடன் சேர்ந்து எழுதிய சட்டக் கட்டுரையில் இன ஒதுக்கலையும் பால் ஒதுக்கலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சட்டம் இருந்தும் அதை நடைமுறைப்படுத்த வைக்க ஓர் அமைப்பு இல்லை என்ற கசப்பிலிருந்தே 1966இல் பெண்களுக்கான தேசிய அமைப்பு உருவானது. பெற்றி ஃப்ரீடனும் போளி மறேயும் அதன் நிறுவனர்களில் அடங்குவர். 1967 டிசம்பரில் அவ்வமைப்பின் பெண்கள் பல நகரங்களில் ஆணைக்குழுவின் அலுவலகங்களுக்கு முன் மறியல் செய்தனர். 1968இல் ஆணைக்குழு தன் நிலைப்பாட்டை மாற்றியது. அவ்வாண்டின் இறுதியில் நியூயோர்க் ரைம்ஸ் தனித்தனிப் பத்திகளைக் கைவிட்டது.

எல்லாப் பத்திரிகைகளும் அப்படி இறங்கி வரவில்லை. பிற்ஸ்பர்க் நகரில் 1969இல் அதே அமைப்பு நகரத்தின் மனித உறவுகள் ஆணைக்குழுவிடம் ஒரு முறைப்பாட்டைக் கொடுத்தது. இங்கே இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. முறைப்பாடு கொடுத்தது வேலை மறுக்கப்பட்ட தனியொரு பெண் அல்ல, ஓர் அமைப்பு. அது ஏதாவதொரு முதலாளிக்கு எதிரானதும் அல்ல. பத்திகளைப் பிரித்து அச்சிட்ட ‘பிற்ஸ்பர்க் பிரஸ்’ பத்திரிகைக்கு எதிரானது. பத்திரிகையோ தலைப்பை ‘ஆண்கள் ஆர்வம்’, ‘பெண்கள் ஆர்வம்’ என்று மாற்றிப் பார்த்தது. பின்னர் பத்திரிகைச் சுதந்திரத்தைத் தூக்கிப் பிடித்து உச்ச நீதிமன்றம்வரை போனது.

1973 ஜூன் 21இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பத்திரிகை தோற்றது. போதைப்பொருள் விற்பனைக்கு விளம்பரம் போடப் பத்திரிகைச் சுதந்திரம் இடம் கொடுக்காதது போலவே சட்டவிரோதமான ஆட்சேர்ப்புக்கும் அது இடம் கொடுக்காது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். எதிர்த்தவர்களில், பேச்சுரிமையின் உறுதியான காவலர் எனப் பெயர் பெற்ற நீதிபதி டக்ளஸும் இருந்தார். பத்திரிகைகளை அரசும் இயக்கங்களும் மாறி மாறி நெரித்த ஒரு நாட்டிலிருந்து வந்த எனக்கு டக்ளஸின் தயக்கம் விளங்குகிறது. ஆயினும் ஆசிரியர் கருத்தைத் தடுப்பதும் சட்டவிரோதமான விளம்பரத்தைத் தடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பெரும்பான்மையின் பக்கமே நான் நிற்கிறேன்.

ஏழு மார்க் இருபது பெனிக்

நாங்கள் வாழும் நாட்டுக்கு வருவோம். 1976ஆம் ஆண்டின் ஐரோப்பிய சமத்துவ நெறியாணைக்குப் பின்னர், மேற்கு ஜேர்மனி 1980இல்தான் தன் குடியியல் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. வேலை விளம்பரத்தை ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ போட ‘வேண்டாம்’ என்று அறிவுரை போலவே அது சொன்னது. ‘கூடாது’ என்று சொல்ல 1994ஆம் ஆண்டாயிற்று.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? ஆண் கைதிகளுக்கான வேர்ல் சிறைச்சாலையில் சமூகப் பணியாளர் வேலைக்கு இரண்டு பெண்கள் விண்ணப்பித்தார்கள். தகுதி குறைந்த இரண்டு ஆண்கள் எடுக்கப்பட்டார்கள். பாரபட்சம் நடந்ததை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அன்றைய சட்டப்படி கொடுக்கக்கூடியது, அவர்களில் ஒருவரான ஃபொன் கொல்சன் செலவழித்த பயணக் காசு மட்டுமே: 7 மார்க் 20 பெனிக். இந்தச் சட்டத்தை ‘தபால்செலவுப் பிரிவு’ என்று சட்டவியலாளர்கள் எள்ளி நகையாடினர். வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. தண்டம் உண்மையிலேயே தடுக்கும் வலுவுடையதாக இருக்கவேண்டும் என்று 1984 ஏப்ரலில் அது தீர்ப்பளித்தது.

அடுத்த படியை ஏறியது ஓர் ஆண். 1994இல் ஒரு நிறுவனம் பெண் உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. விண்ணப்பித்த ஆணுக்குப் பதில்கூட அனுப்பவில்லை. முதலாளியின் பக்கம் தவறு இருந்தது என்று காட்டினால்தான் நட்டஈடு என்ற ஜேர்மன் விதி செல்லாது என்று 1997இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. பெண்கள் திறந்த வழியில் ஓர் ஆணும் நடந்து போனார். ஆண்களுக்கு எதிரான சட்டம் என்று முணுமுணுக்கும் எம்மவர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இன்று எமக்குத் தெரிந்த பொதுச் சமத்துவச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி பாரபட்சமான விளம்பரம் ஒரு சான்றுக்குறி. அது இருந்தால், தான் பாகுபாடு காட்டவில்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளியின் தோளுக்கு மாறுகிறது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்துத் தானாகவே தண்டம் விதிக்கும் அதிகாரி எவரையும் அச்சட்டம் நியமிக்கவில்லை. அவ்வாண்டு உருவான சமத்துவ அலுவலகம் ஆலோசனை சொல்லும், வழக்குப் போடாது. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரே எழுத வேண்டும். அதற்குச் சட்டம் வைத்த கெடு இரண்டு மாதம். வழக்குக் காசுக்காகவே விண்ணப்பிப்பவர் பற்றிய கூச்சலும் எழுந்தது. உண்மையில் வேலையை நாடாதவருக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது.

ஆகவே அக்கா பயந்தது போல, நாங்கள் சொன்னவுடன் கதவைத் தட்டிக் கடையைப் பூட்டும் ‘வெள்ளைக்காரன்’ ஒருவன் இந்தச் சட்டத்தில் இல்லை.

சொல் போனது, சம்பளம் நின்றது

விளம்பரத்திலிருந்து ஒரு சொல்லை நீக்குவதால் என்ன மாறிவிடும் என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1955இல் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் ‘பெண்களுக்கான சம்பளக் குறைப்பு’ அரசியலமைப்புக்கு முரண் என்றது. உடனே முதலாளிகள் ‘இலகு வேலைச் சம்பளக் குழு’ என்று புதிய பெயரொன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவில் நின்றவர்கள் பெண்களே. பெயர் மாறியது, சம்பளம் அப்படியே நின்றது.

அந்தக் குழுவை உடைத்தவர்கள் யார்? 1973 ஓகஸ்ட்டில், நொய்ஸ் நகரின் பியர்பூர்க் தொழிற்சாலையில், துருக்கி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், ஸ்பெயின், இத்தாலி நாட்டுப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்கள் வேண்டும் என்று பால் குறிப்பிட்டே ஆட்களைத் தருவித்த காலம் அது. பொலிஸ் வந்து அடித்தது. சில நாட்களில் ஜேர்மன் தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். இலகு வேலைக் குழு இரண்டு ஒழிந்தது. வதிவிட அனுமதி முதலாளியின் வேலைக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். ‘விருந்தாளிகள் நாங்கள், எங்களுக்கேன் இது’ என்று அவர்கள் இருக்கவில்லை.

பியர்பூர்க் பெண்களின் வெற்றி சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை, உண்மைதான். ஆனால் ஒருவர் மட்டும் வேலை செய்யும் கடையில் யார் வேலைநிறுத்தம் செய்வது? தனித்தனிச் சமையலறைகளில் றோல்ஸ் சுற்றும் பெண்கள் எங்கே கூடுவது? கூட்டாக நிற்க இடமில்லாத இடத்தில் ஒரு கடிதமாவது வேண்டும்.

இரண்டு சொற்களுக்கிடையில்

இந்த அரசின் சமத்துவப் பேச்சை எள்ளுபவர்களுடன் எனக்குப் பாதி உடன்பாடு. 1980களில் அகதி விண்ணப்பதாரர்களுக்கு வேலை செய்யத் தடை விதித்து, 1987இல் அத்தடையை ஐந்து வருடமாக நீட்டிய அரசு இதுதான். 1991வரை அத்தடை இருந்தது. அந்தக் காலத்தில் பதிவில்லாமல் எங்களை வேலைக்கு வைத்து, கடனுக்குச் சாமான் தந்தவர்களில் இப்படிப்பட்ட கடைக்காரரும் உண்டு. அந்த நன்றி பொய்யானதல்ல. ஆனால் அந்தக் கடனை அக்காவின் மகள் ஏன் அடைக்க வேண்டும்?

காட்டிக்கொடுப்பவன் பெயர் சொல்வதில்லை. முகத்தில் சாக்குப் போட்டுத் தலையாட்டுவான். பலியானவருக்குக் குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாது. முறைப்பாடு எழுதுபவள் கையெழுத்திடுகிறாள். இன்ன நாளில், இன்ன விளம்பரத்தில், இன்ன விதி மீறப்பட்டது என்கிறாள். மற்றவர் பதில் சொல்ல இடமிருக்கிறது. அவள் சொன்னது பொய்யானால் அவளும் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது, எங்கள் சமூகத்துக்குள் நடக்கும் எந்த அநீதியையும் வெளியே பேசமுடியாமற் செய்கிறது. சீதனம், சாதி, வீட்டுக்குள் அடி – எல்லாவற்றுக்கும் இதே பூட்டைத்தான் போட்டோம்.

ஆகவே என் நிலைப்பாடு இது. முதலில் கடைக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும். பின்னர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெண் என்பதற்காக மறுக்கப்பட்டால் கெடுவுக்குள் எழுத வேண்டும். தனியாக அல்ல, தொழிற்சங்கத்தையோ பெண்கள் அமைப்பொன்றையோ துணைக்கு வைத்துக்கொண்டு. விசா, பதிவு, வரி போன்ற விடயங்களை அதற்குள் இழுக்கக்கூடாது. அப்படி இழுத்தால் அக்கா சொன்ன சொல் பொருந்திவிடும். கடைகளின் விளம்பரத்தில் அச்சாகும் எமது பத்திரிகைகளும் பிற்ஸ்பர்க்கை நினைத்துப் பார்க்க வேண்டும். பெண்விடுதலை பற்றிக் கட்டுரை போட்டுவிட்டுப் பின்னட்டையில் ‘ஆண்கள் தேவை’ என்று போடுவது என்ன நேர்மை?

இவ்வளவும் எழுதும் நான் அன்று என்ன செய்தேன்? “பிறகு பார்ப்பம்” என்றேன். இரண்டு மாதம் கழிந்தது. கடையில் ஒரு பெடியன் வேலைக்குச் சேர்ந்தான். மகள் வேறு நகரத்தில் வேலை தேடிக்கொண்டாள். ஊருக்கு வரும்போது அந்தக் கடைப்பக்கம் போவதில்லை, என்னிடமும் அதன்பின் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா இன்னும் எண்ணிக் காசுக்கு றோல்ஸ் சுற்றுகிறா. சனிக்கிழமைகளில் அதை வாங்கிச் சாப்பிடுபவர்களில் நானும் ஒருத்தி.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும். குறிப்பாக, அந்தக் கதவில் அறிவித்தல் ஒட்டுபவர்கள் எழுதட்டும்.