ஜப்பானின் ஹீரோ ஷோ

தொலைக்காட்சியில் வாராவாரம் அரக்கர்களோடு மோதும் முகமூடி நாயகர்கள் குழந்தைகளின் கண்முன் வந்து நின்று சண்டையிடும் மேடைக்காட்சியை ஜப்பானில் ஹீரோ ஷோ என்கிறார்கள். கேளிக்கைப் பூங்கா, பெருங்கடைகளின் மொட்டைமாடி, வணிக வளாகம், ஊர்த் திருவிழா என்று கூட்டம் சேரும் இடங்களிலெல்லாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது நடந்துவருகிறது. அங்கே பல தலைமுறைக் குழந்தைகள் முதன்முதலில் பார்த்த நாடகம் இதுதான்.

இதன் முன்னோடி நிகழ்ச்சி 1966 ஜூலை 9 அன்று டோக்கியோவின் சுகினாமி பொது மண்டபத்தில் நடந்தது. ‘அல்ட்ராமேன்’ தொடரை அறிமுகப்படுத்த, அதன் நாயகனையும் ராட்சத உருவங்களையும் குழந்தைகள் நிறைந்த அரங்கின் மேடையில் ஏற்றினார்கள். இயக்கியவர் ஜிஸ்ஸோஜி அக்கியோ. மறுநாள் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தொடரின் முதல் பகுதி அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது. ஆகவே, அல்ட்ராமேனைச் சின்னத்திரை ரசிகர்களுக்கு முன்பே நேரில் கண்டவர்கள் அந்த மண்டபத்துக் குழந்தைகள். ஜூலை 10ஆம் தேதி இன்று அல்ட்ராமேன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1971 ஏப்ரலில் ‘கமென் ரைடர்’ தொடர் தொடங்கியதும் நாடெங்கும் உருமாறும் நாயகர்கள் மீது மோகம் பரவியது. அல்ட்ராமேன் மலையளவு உயரமானவன். கமென் ரைடரோ மனித உயரம் கொண்டவன், கைகால்களால் சண்டையிடுபவன். பொம்மை நகரமோ படப்பிடிப்புத் தந்திரமோ இல்லாமல் ஒரு சிறு மேடையில் அவனை அப்படியே காட்ட முடிந்தது. 1955இல் திறக்கப்பட்டிருந்த டோக்கியோவின் கோராக்குஎன் கேளிக்கைப் பூங்கா, தன் திறந்தவெளி அரங்கில் இக்காட்சிகளை நடத்தத் தொடங்கியது. 1975இல் ‘கொரெஞ்சர்’ தொடருடன் ஐவர் அணி நாயகர்கள் வந்தபோது, ஒரே மேடையில் பல சண்டைகளை ஒருசேரக் காட்டும் வசதியும் சேர்ந்தது. நாயகன் தன்னோடு கைகுலுக்க வரும்படி குழந்தைகளை அழைத்த அந்தப் பூங்காவின் விளம்பரம், தொடர்களின் இடைவேளைகளில் ஓடி நாடறிந்த ஒன்றானது.

காட்சியின் அமைப்பு விரைவிலேயே நிலைபெற்றுவிட்டது. முதலில் மேடைக்கு வருபவர் நிகழ்ச்சியை நடத்தும் பெண். குழந்தைகள் அவரை அக்கா என்றே அழைப்பார்கள். வரவேற்பு முடிந்ததும், ஆபத்து வந்தால் எல்லோரும் சேர்ந்து நாயகனை உரக்கக் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லிப் பழக்குவார். சற்று நேரத்தில் வில்லனின் அடியாட்கள் பார்வையாளர் நடுவே புகுந்து, சில குழந்தைகளைப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோவார்கள். சிலர் அழுவார்கள், சிலர் எதிர்த்து நிற்பார்கள். அரங்கம் முழுவதும் ஒரே குரலில் கூவிய பிறகுதான் நாயகன் தோன்றுவான். சண்டையின் நடுவே அவன் வீழ்ந்து கிடக்கும்போதும் அந்தக் குரல்தான் அவனை எழுப்பும். ரசிகர் கூப்பிடாவிட்டால் கதை நகராது. ஹீரோ ஷோவின் உயிர் இதில்தான் இருக்கிறது. முடிவில் கைகுலுக்கலும் கையெழுத்தும் படம் எடுத்தலும் நடக்கும்.

உடைக்குள் இருப்பவர்களின் உழைப்பு பெரிது. வசனம், இசை, அடியின் ஓசை எல்லாம் முன்பே பதிவு செய்யப்பட்டவை. முகம் தெரியாத நடிகர் தலையசைவாலும் தோள் அசைவாலும் அந்தக் குரலுக்கு உருவம் கொடுக்க வேண்டும். முகமூடிக்குள் பார்வை குறுகும், மூச்சு முட்டும். கோடை வெயிலிலும் ஒரே நாளில் பல காட்சிகள் ஆட வேண்டும். இதற்கான ஆட்களை வளர்த்ததில், நடிகர் சிபா ஷினிச்சி 1970இல் தொடங்கிய ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கோராக்குஎன் மேடையில் தேர்ந்த தகாயிவா செய்ஜி, பின்னாளில் தொலைக்காட்சியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலான கமென் ரைடர் நாயகர்களின் உடைக்குள் நடித்தார்.

2009இல் அந்தத் திறந்தவெளி அரங்கின் இடத்தை, அதே வளாகத்தின் ‘தியேட்டர் ஜி-ரோஸ்ஸோ’ என்ற உள்ளரங்கு எடுத்துக்கொண்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள், உயரமான மேடையமைப்பு, ஒளிப்படக் காட்சிகள் ஆகியவற்றோடு மழை, வெயில் பற்றிய கவலையும் தீர்ந்தது. சில பருவங்களில் தொடரின் நடிகர்களே நேரில் தோன்றுவதால், சிறுவயதில் பெற்றோரின் கைபிடித்து வந்தவர்கள் வளர்ந்த பிறகும் சீட்டு வாங்கி வருகிறார்கள்.

வெளிநாடுகளிலும் இத்தகைய காட்சிகள் வளர்ந்தன. ஜப்பானியத் தொடரின் சண்டைக்காட்சிகளைக் கொண்டு 1993இல் அமெரிக்காவில் உருவான ‘பவர் ரேஞ்சர்ஸ்’ விரைவில் மேடைச் சுற்றுப்பயணமும் சென்றது. 2011இல் பிரிட்டனில் ‘பேட்மேன் லைவ்’, 2014இல் அமெரிக்காவில் ‘மார்வெல் யுனிவர்ஸ் லைவ்’ ஆகியவை விளையாட்டு அரங்குகளை நிரப்பும் அளவில் அரங்கேறின.

ஜப்பானிலோ வளர்ச்சி சிற்றூர்களின் பக்கமும் திரும்பியது. வடக்கே அகிதா மாவட்டத்தில், ஆண்டிறுதி இரவில் முகமூடி அணிந்து வீடுவீடாக வரும் நமஹகே வழக்கத்தை ஒட்டி 2005இல் ‘நெய்கர்’ என்ற உள்ளூர் நாயகன் உருவானான். பிற ஊர்களும் தங்கள் விளைபொருளையும் கதைகளையும் கொண்டு நாயகர்களைப் படைத்துவருகின்றன. இவர்களில் பலருக்குத் தொலைக்காட்சித் தொடரே கிடையாது. சின்னத்திரைக்கு விளம்பரமாகப் பிறந்த மேடைக்காட்சி, அதன் துணையில்லாமலே நாயகர்களை உருவாக்கும் தனிக்கலையாகிவிட்டது.