சுன்னாகத்து நிலத்தடி நீரும் நிறுவனங்களின் நற்பெயர் மீட்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையைச் சுண்ணாம்புக்கற் படுகை உள்வாங்கி வைத்திருக்க, வீடும் தோட்டமும் கிணற்றை நம்பியே வாழ்கின்றன. வெடிப்பும் குழிவும் நிறைந்த அப்படுகையில் மேலே சிந்துவது எளிதில் கீழிறங்கும். ஆகவே, சுன்னாகம் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துள்ளது என்ற செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் பரவியபோது, அங்கு மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தோடு, மின்சாரத்தை வாங்கிய இலங்கை மின்சார சபையும், கண்காணிக்கக் கடமைப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், 2013 செப்டெம்பரில் முதன்முதலாக மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த வடமாகாண சபையும் ஐயத்துக்குள்ளாயின. இவற்றுள் மாகாண சபையின் நிலையே கூர்ந்து நோக்கத்தக்கது. எண்ணெயைச் சிந்தியது அச்சபையன்று, எனினும் பழியில் ஒரு பங்கு அதனையும் சேர்ந்தது.

நற்பெயர் மீட்பு குறித்து 1995இல் நூலெழுதிய வில்லியம் பெனாய்ட், குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனத்துக்கு ஐந்து வழிகள் உள்ளன என வகுத்தார்: மறுத்தல், பொறுப்பிலிருந்து நழுவுதல், தீங்கின் கனத்தைக் குறைத்துக் காட்டல், திருத்த நடவடிக்கை எடுத்தல், மன்னிப்புக் கோரல். இவ்வகுப்பு பயனுள்ளதே. ஆனால், இவை அனைத்தையும் பேச்சின் உத்திகளாகவே கொள்வதனால், கேட்போர் கையில் தனியானதொரு சோதனை இருக்கும்போது பேச்சுக்கு என்ன நேரும் என்பதை அது போதிய அளவு விளக்குவதில்லை. சுன்னாகத்தில் அச்சோதனை ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நடந்தது. அள்ளிய நீரில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டவருக்கு எந்த அறிக்கையும் அதனை மறைத்துக் காட்ட இயலாது.

மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான மாசு இல்லை என்ற தொனியில் ஆறுதல் கூறியபோது எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். குழு விடையளித்த வினா நச்சுப் பொருள்களின் அளவு நியமத்தைத் தாண்டியதா என்பது. மக்கள் கேட்டதோ, எண்ணெய் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, கிணற்றை யார் துப்புரவாக்குவது என்பன. முன்னதற்கு அறிவியல் முறைப்படி விடை சொல்லியிருப்பினும், பின்னவற்றுக்கு அது விடையாகாது. இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கொண்டதே சபைக்கு நேர்ந்த இடர். 1982இல் சிக்காகோவில் டைலனோல் மாத்திரைக் குப்பிகளில் எவரோ சயனைட்டைக் கலந்ததால் ஏழு பேர் இறந்தபோது, அம்மாத்திரைக்கு உரிய ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனமும் குற்றவாளியன்று. ஆயினும், பெரும்பாலான குப்பிகள் பாதுகாப்பானவை என வாதிடாமல், ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. குற்றமற்ற தரப்பு அவசரமாக ஆறுதல் சொல்லப் புகுமாயின், குற்றமுள்ள தரப்பின் வழக்கறிஞராகவே அது தோன்றும்.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு வேறு பாதையில் சென்றது. சோதித்த 150 கிணறுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் எண்ணெய், கிறீஸ் அளவு நியமத்தை மிஞ்சியது என அது பதிவு செய்தது. அரச நிறுவனமொன்று அரசுக்கு உவப்பற்ற கணக்கை வெளியிட்டமை, அதன் சொல்லுக்குப் பின்னர் நீதிமன்றத்திலும் நிறையைத் தந்தது. தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆந் திகதி, நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பின் மூலம் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. தன் தவற்றின் கனத்தைத் தானே அளந்து கூறும் உரிமையை நிறுவனம் இழந்த இடத்தில்தான், மற்றவர் நம்பத்தக்க கணக்கு தொடங்கியது.

இழப்பீட்டை நற்பெயரின் மீட்பு எனக் கொள்வதும் பொருந்தாது; மாற்று நீர் வழங்கலை அவ்வாறு கொள்வதும் பொருந்தாது. 2024இல் திறக்கப்பட்ட தாளையடி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் குழாய் நீரைத் தரலாம்; தோட்டங்களுக்கு இறைக்கப்படுவது இன்னும் அதே படுகையின் நீரே. எனவே, இவ்விடயத்தில் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மீண்டும் நம்பப்பட வேண்டுமாயின், குறித்த கிணறுகளின் அளவீடுகளை மாரிக்கு முன்னும் பின்னும், தம்மோடு நலத் தொடர்பில்லாத ஆய்வுகூடமொன்றில் எடுப்பித்து, நல்லதாயினும் தீயதாயினும், வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையில் ஆண்டுதோறும் வைக்க ஒப்புதல் அளித்தல் வேண்டும்.