கண்டவர் யார்? காட்டியவர் யார்?



எங்கள் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்கள் எத்தனையோ படிகளும் அத்தனை என்று பெரியோர் கூறுவர். ஏறி வந்தோர் எல்லாரும் உச்சியிலுள்ள கோயிலின் சிறப்பைப் பேசுவர். கல் சுமந்து படி அமைத்தவன் யார் என்று வினவுவோர் அரியர்.

விஞ்ஞானமும் ஒரு மலையே. ஆனால், அங்கே படி அமைத்தவரை நினைவுகூர ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், தமக்கு முன் வழிகாட்டிய கட்டுரைகளைப் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டும். இதுவே மேற்கோள். யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1964-இல் இம் மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். அதன்பின், ஒருவர் கட்டுரை எத்தனை முறை சுட்டப்பட்டது என்று எண்ணி, அவர் தகுதியை அளப்பதும் வழக்கமாயிற்று. அந்த எண்ணிக்கை முழு உண்மையையும் சொல்லுமா? ஒரு வரலாற்றைக் கேளுங்கள்.

கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் 1931-இல் பிறந்தவர் ஜார்ஜ் சுதர்சன். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். பம்பாய் டாட்டா ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். பின் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் மார்ஷக்கின் மாணவரானார்.

அணுக்கருவிலிருந்து எலெக்ட்ரான் வெளிப்படுவதற்குக் காரணமான மெல்விசையின் இயல்பு அப்போது விளங்காத புதிராக இருந்தது. சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இளைஞர் சுதர்சன் அவற்றையெல்லாம் அலசி ஆராய்ந்து, மெல்விசையின் வடிவம் ‘வி மைனஸ் ஏ’ என்பதே என்று 1957-இல் கண்டார். இதற்கு மாறாக நின்ற நான்கு சோதனை முடிவுகளை மீண்டும் ஆராய வேண்டும் என்று ஆசிரியரும் மாணவரும் துணிந்து கூறினர். சோதனைகள் மறுபடியும் செய்யப்பட்டபோது, அவர்கள் சொன்னதே மெய்யாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில் ராச்செஸ்டரிலேயே ஒரு பெரிய மாநாடு கூடிற்று. சுதர்சன் இன்னும் மாணவர் என்பதால் அங்கே பேசும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. செப்டம்பரில் இத்தாலியில் நடந்த மாநாட்டில் மார்ஷக் அக் கருத்தை எடுத்துரைத்தார். அம் மாநாட்டுத் தொகுப்பு நூலாக வெளிவரச் சில மாதங்கள் சென்றன. அதற்குள், அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘பிசிக்கல் ரெவ்யூ’ இதழில் 1958 ஜனவரியில் ஃபெய்ன்மன், கெல்மான் என்னும் இரு பேரறிஞர்கள் அதே கொள்கையைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டனர். சுதர்சன், மார்ஷக் இருவரின் சிறு கட்டுரை அவ்விதழில் வந்ததோ மார்ச்சில்! உலகம் கையில் கிடைத்த கட்டுரையையே சுட்டிற்று. மேற்கோள்கள் பெரிதும் அவர்கள் பக்கமே குவிந்தன.

அவ்விருவரையும் பழிக்க வேண்டா. மார்ஷக்குடனும் சுதர்சனுடனும் கலந்துரையாடியதற்குத் தம் கட்டுரையிலேயே கெல்மான் நன்றி கூறியுள்ளார். அதைக் கண்டறிந்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்குமே, தாங்கள் பரப்பியவர்கள் என்ற கருத்தை ஃபெய்ன்மனும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும், பெரியோர் வாய் திறந்து சொன்ன உண்மையை அட்டவணை அறியாதே! மெல்விசையை மின்காந்த விசையோடு இணைத்த கொள்கைக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அடிப்படையாய் அமைந்த படிகளுள் ஒன்று இந்த ‘வி மைனஸ் ஏ’. சுதர்சனுக்கு நோபல் பரிசு கிட்டவே இல்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் தொண்டாற்றிய அவர், 2018-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு என்னையே சுடும். எல்லைப்புறப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவன் ஒருவன் நீர் இறைக்கும் கருவி ஒன்றைப் புதுமையாகச் சிந்தித்தான். அவனுக்குத் தமிழ் திக்கும். அவன் தோழன் அதை அழகிய கையெழுத்தில் எழுதி, சபையில் சரளமாக விளக்கினான். நான் தோழனுக்கே பரிசளித்தேன். உண்மை எனக்குத் தெரிந்தபோது இருவரும் பள்ளியை விட்டுப் போய்விட்டனர். என் கண்ணுக்கு அன்று ஏடு தெரிந்தது, எண்ணியவன் தெரியவில்லை.

ஆதலின், மாணவர்களே, நீங்கள் கண்டதைக் காலம் தாழ்த்தாமல் எழுதி வையுங்கள். பிறர் கண்டதை எடுத்தாளும்போது அவர் பெயரை மறவாமல் குறியுங்கள். நாளை பிறரை மதிப்பிடும் இடத்தில் நீங்கள் அமர்ந்தால், எண்ணிக்கையை மட்டும் பாராது, ஏட்டையும் புரட்டிப் படியுங்கள். உச்சியைத் தொழுங்கள், ஏறிவந்த படியையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.