சவுக்கு வேரும் கனாக்குகளின் போர்த்தடியும்

சவுக்கு என்றால் நமக்கு விறகு, பந்தல்கால், சாரம் கட்டும் கழி. புதுவைக் கடலோர மணலில் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதே சவுக்கு பசிபிக் கடலிலுள்ள நியூ கலெடோனியா தீவிலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அதற்கு 'புவா து ஃபேர்' என்று பெயர் வைத்தார்கள். இரும்பு மரம் என்று பொருள். அத்தீவின் பூர்வகுடிகளான கனாக்குகள் அந்த மரத்தில்தான் போர்த்தடிகள் செய்தார்கள்.

நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட ஊர் அது. அங்கே அந்த ஆட்சி இன்னும் தொடர்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அதன் தலைநகர் நூமேயா என்பது மனப்பாடம். அந்த மக்களின் கைவேலையைப் பற்றிப் பின்னாளில்தான் படித்தேன்.

அவர்களுடைய தடிகளில் பேர்பெற்றது, தலைப்பக்கம் பறவையின் அலகு போல வளைந்திருக்கும் ஒன்று. நேரான கட்டையில் இந்த அலகைச் செதுக்கினால், வளைவில் மரத்தின் நார் அறுபட்டுவிடும். ஓங்கி ஒரு அடி அடித்தால் அலகு முறிந்து விழும். ஆகவே அடிமரத்திலிருந்து வேர் வளைந்து பிரியும் இடத்தைத் தேடினார்கள். அங்கே நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடும். கைப்பிடிக்கு நேரான மரமும் தலைக்கு வளைந்த வேரும் ஒரே துண்டில் அமைய வேண்டும். அப்படிப்பட்ட மரம் தோப்புக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. நம் ஆசாரிகளும் கலப்பைக்கு இயற்கையாக வளைந்த கருவேல மரத்தைத்தானே தேடி அலைந்தார்கள்!

மரம் கிடைத்த பிறகும் பொறுமை வேண்டும். சவுக்கு பச்சையாக இருக்கும்போது வெட்டலாம், காய்ந்துவிட்டால் உளிக்கு மசியாது. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தாலோ வெடித்துவிடும். இரும்பு வருவதற்கு முன் கல் வாய்ச்சியை வைத்தே இதையெல்லாம் செய்தார்கள்.

1774-இல் கேப்டன் குக் அந்தத் தீவில் இறங்கினார். 1853-இல் பிரான்ஸ் அதைக் கைப்பற்றியது. குடியேறியவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மாடுகள் கனாக்குகளின் கிழங்குத் தோட்டங்களை மிதித்து அழித்தன. 1878-இல் அத்தாயி என்ற தலைவர் கிளர்ந்தெழுந்தார். அந்த ஆண்டே அவரைக் கொன்று, தலையைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அது ஊர் திரும்பியது 2014-இல்.

1887-இல் 'அந்திழேனா' என்னும் சுதேசிகள் சட்டம் வந்தது. அரசாணைகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா நான். அதில் இரண்டு விதிகள் என் கண்ணில் பட்டன. வெள்ளையர் வாழும் இடங்களில் கனாக்கு ஆயுதம் ஏந்துவது குற்றம். அனுமதி இல்லாமல் தன் வட்டாரத்தை விட்டு வெளியே போவதும் குற்றம். ஒரு விதி தடியைத் தடுத்தது. மற்றொன்று, அதற்கான மரத்தைத் தேடிப் போகும் காலைத் தடுத்தது. இந்தச் சட்டம் 1946 வரை நீடித்தது. அதே தடிகளோ ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் போற்றப்பட்டன.

கண்ணாடிப் பெட்டி தடியைக் காப்பாற்றும். நிற்கிற மரத்தைப் பார்த்தே, மண்ணுக்குள் இருக்கும் வளைவைச் சொல்லும் கண்ணை அது காப்பாற்றாது. அது காட்டில் நடந்து நடந்து, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டிய வித்தை.

நம் பக்கம் இதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை, டிராக்டரே போதுமாக இருந்தது. கலப்பைக்கு மரம் பார்க்கத் தெரிந்த முதிய ஆசாரி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள்.